நீங்கள் உயர்த்தாத கை

அக்கா,

இன்று காலை டவுனுக்குப் போகிற பஸ் வலையிறவுப் பாலத்தில் ஏறியபோது எனக்குப் பின்னால் இருந்த யாரோ தைலப் போத்தலைத் திறந்தார்கள். யன்னலால் வாவிக் காற்று வந்துகொண்டிருந்தும் பஸ் முழுக்க அந்த மணம். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்று தெரிந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு வயதான பெண். தடிமன் போலிருக்கிறது, மூக்கடியில் பூசிக்கொண்டிருந்தார். நீங்கள் மூக்கில் பூசுகிற ஆள் அல்ல. கூட்டம் என்றால் முதலில் நெற்றி, பிறகு யாரும் பார்க்காதபோது சேலைக்குள் கையை விட்டு வயிறு.

ஊர் உங்களைப் பயம் தெரியாத மனிசி என்கிறது. நானும் ஆமாம் போட்டுக்கொள்கிறேன். அரசாங்கக் கச்சேரியில் அதிகாரி யாரோடாவது மோதப் போகிற நாட்களில் என் தட்டச்சுக் கடைக்குப் பின்னால் இருந்த மலசலகூடத்துக்கு நீங்கள் ஓடி ஓடிப் போனதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. வெளியே வந்து முகத்தைக் கழுவிவிட்டு, "சரி, வா புள்ள. அவன்ட தலையத் திங்கப் போவம்" என்பீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியவரும் நீங்கள், அரை மணித்தியாலம் கழித்து அதிகாரியின் மேசையில் தட்டியவரும் நீங்கள். இரண்டில் எதை நம்புவது? அது தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சிறுபோகக் கூட்டம் நடந்தது, கோடை விதைப்புக்கு வயல்காரர் கூடுகிற கூட்டம். அங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எடுத்தவுடன் சொன்னால் என் கோபம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

போன மாதம் தர்சிகா கடைக்கு வந்தாள். கடைசிக் காலத்தில் நீங்கள் போய் வந்துகொண்டிருந்த பெண்கள் அமைப்பில் இப்போது வேலை செய்கிற பிள்ளை. உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். ஒரு உரிமைச் செயற்பாட்டாளரின் வாழ்வும் ஆளுமையும் என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று. வாழ்வை அவளே எழுதி முடித்துவிட்டாள். வாவியின் மேற்குக் கரையில் பிறந்தது, கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுத்தது, தராசு ஏழைகளுக்குக் குறைவாக நிறுக்கிறது என்று சத்தம் போட்டு அந்த வேலையை இழந்தது, கலியாணம் கட்டாதது, பிறகு ஆயுள் முழுக்க மற்ற ஆக்களின் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தது. எல்லாம் சரிதான். ஆளுமைக்குத்தான் அவளுக்கு ஆள் தேவைப்பட்டது. உங்கள் மனுக்களை எல்லாம் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான், உங்களோடு பஸ்ஸில் திரிந்தவள் நான், அதனால் எனக்குத் தெரியும் என்று நினைத்து வந்துவிட்டாள்.

"அன்ரி, நாலு வகை இரிக்கு. தலைமை தாங்கிற ஆள், சண்டை பிடிக்கிற ஆள், சமாதானம் செய்யிற ஆள், யோசிச்சுக்கொண்டே இரிக்கிற ஆள். அவங்க இதில எது?"

"நாலும்தான்" என்றேன்.

"அப்பிடி எழுதேலா அன்ரி. ஒண்டு சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாலு வகையையும் உங்களுக்கும் தெரியும். டவுனில் ஒரு பயிற்சிக்குப் போனோமே, ஞாபகமா? கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி மண்டபத்தின் நாலு மூலைக்கும் நாலு பெயர் வைத்து, அவரவர் வகைக்குரிய மூலையில் போய் நிற்கச் சொன்னார். எல்லாரும் உங்களைச் சண்டை மூலைக்குத் தள்ளினார்கள். நீங்களும் போய் நின்றீர்கள். பிறகு பார்த்தால் சமாதான மூலையில் வாழைச்சேனையிலிருந்து வந்த ஒரு பெண் தனியே நின்று நெளிந்துகொண்டிருந்தாள். பாவம் என்று சொல்லி அவளுக்குத் துணையாக அங்கே போனீர்கள். "அம்மா, உண்மையாகவே நீங்கள் எந்த வகை?" என்று அந்தத் தம்பி கேட்டார். "இப்ப நான் தேத்தண்ணி குடிக்கிற வகை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டீர்கள். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவளுடைய மூலை வெறுமையாகிவிட்டது.

இதைத் தர்சிகாவிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை.

பிடவைக்காரக் காக்காவின் கதையைச் சொன்னபோது எழுதிக்கொண்டாள், பாதிவரை. காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு நம் பக்கத்துக்கு வருவாரே, அவர். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சந்தியில் நின்ற பொடியன்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் அடுத்த பஸ்ஸில் போய் அவரைக் கூட்டி வந்தீர்கள். அன்று முழுவதும் அவருடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் வெயிலில் நடந்து, வீட்டுப் படலை படலையாக நின்று, "காக்கா வந்திரிக்காரு, பிடவை பாருங்க" என்று கூப்பிட்டீர்கள். அந்தப் பொடியன்கள் பின்னாலேயே வந்தார்கள். நீங்கள் அவர்களில் ஒருவனைப் பார்த்து, "உன்ட பிறந்தநாள் சட்டை இவருட்ட வாங்கினதுதான். கழட்டித் தா, திருப்பிக் குடுப்பம்" என்றீர்கள். அவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவரை யாரும் மறிக்கவில்லை.

தர்சிகா இதுவரை எழுதிக்கொண்டாள். மிச்சத்தைச் சொன்னபோது பேனையை மூடிவிட்டாள். மிச்சம் என்னவென்றால், இரண்டு மாதம் கழித்து அதே காக்காவிடம் வாங்கிய சேலை சாயம் போனதற்காக அவரை உங்கள் வளவுக்குள் விடாமல் துரத்தினீர்கள். "ஊருக்குள்ள வாறது உங்கட உரிமை. என்ட படலைக்குள்ள வாறது உரிமை இல்ல" என்று சொன்னீர்கள். அவர் என் கடைக்கு வந்து, "என்னகா இந்த மனிசி? ஒரு கையால தூக்கி விட்டு மறு கையால அடிக்கிறா" என்று அழாத குறையாகக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? சேலை சாயம் போனது உண்மைதான் என்று மட்டும் சொன்னேன்.

இதெல்லாம் சில்லறை விசயம். சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்றை மட்டும் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

நம் பக்கத்தில் காணி பெண்ணோடு போகிறது. வீடும் வயலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். கட்டுகிறவர் வந்து இருப்பார், உழுவார், விதைப்பார். காணி உறுதியில் இருப்பது பெண்ணின் பெயர். ஆனால் போகத்துக்குப் போகம் வயல் வட்டைக் கூட்டத்தில் போய்க் கை தூக்குகிறது மாப்பிள்ளை. எப்போது விதைப்பது, எந்தப் பக்கம் தண்ணீர் விடுவது எல்லாம் தீர்மானிப்பது அந்தக் கைகள்தான். வயலுக்கு ஒரு கை, அது வழக்கம். பெண்கள் தேத்தண்ணி ஊற்றப் போவோம். நானும் ஊற்றியிருக்கிறேன். அதில் ஒரு பிழை இருப்பதாக நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் சொன்ன நியாயம் இன்னும் என் காதில் இருக்கிறது. "மாப்பிள்ளமார் ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆர்? ஒருத்தன் கிரான் ஊர் ஆள், ஒருத்தன் இஞ்சால ஆள். பொம்புளையள் கூடப்பிறந்ததுகள். மூத்தவளுக்கு மேல்பக்கத்து வயல், இளையவளுக்குக் கீழ்ப்பக்கத்து வயல். தங்கச்சிட வயல் காயுறத அக்கா பாத்துக்கொண்டு இரிப்பாளா? அவள் கை தூக்கினா தண்ணி பங்குபடும்." அதுதான் உங்கள் கணக்கு. பெண்களின் பெருமைக்காக மட்டும் நீங்கள் அதைக் கேட்கவில்லை. தண்ணீருக்காகக் கேட்டீர்கள்.

எத்தனை மனு. நான் "மிகப் பணிவுடன்" என்று தொடங்குவேன். "பணிவ எடு புள்ள, மை மிச்சமாகும்" என்பீர்கள். நீங்கள் கடையை விட்டுப் போனபிறகு நான் அதை மறுபடி போட்டு அனுப்பியதும் உண்டு. வட்டை விதானையார், வட்டைக்குப் பொறுப்பான மனிதர், முதலில் சிரித்தார், பிறகு சினந்தார். கூட்ட மண்டபத்து வாசலில் உறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்ற அன்று அவர் வெளியே வந்து சொன்னார்: "வயலுக்கு ஒரு கை போதும். எல்லாரும் வந்து என்னத்துக்கு?"

"ஓம், ஒண்டு போதும்" என்றீர்கள். "அந்த ஒண்டு காணிக்காரிட கையா இரிக்கட்டும்."

"அப்ப மாப்பிள்ளமாருக்குக் கை இல்லையா?"

"ஏன் இல்ல? மண்வெட்டி பிடிக்கட்டும்."

சில போகம் இழுபட்டு, கடைசியில் மேலே இருந்த ஒரு அதிகாரி, உறுதியில் யார் பெயரோ அவருடைய கையைத்தான் எண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் என் மனிசன் சோற்றைப் பிசைந்துகொண்டு, "இனி இந்தக் கையால என்ன வேலை?" என்றார். "சாப்பிடுங்க" என்றேன். அவர் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம்.

பிறகு வந்தது அந்தச் சிறுபோகக் கூட்டம். பெண்களின் கையை எண்ணப்போகிற முதல் கூட்டம்.

மாரி பொய்த்த வருடம் அது. குளத்தில் கிடந்த தண்ணீர் மேல்பக்கத்து வயல்களுக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. அப்படியான வருடத்தில் ஒன்றில் மேல்பக்கத்தார் தங்கள் வயலைத் தாங்களே விதைத்துக்கொள்வார்கள், கீழ்ப்பக்கத்தாருக்கு அந்தப் போகம் இல்லை. அல்லது அந்த ஒரு போகத்துக்கு மட்டும் மேல்பக்கத்து வயல்களை எல்லாருமாகப் பங்கு போட்டு விதைப்பார்கள். ஆண்கள் கை தூக்கிய காலத்தில் பங்கு ஒரு நாளும் நடந்ததில்லை. பெண்கள் தூக்கப்போகிற அந்த முறை நடக்கும் என்று எல்லாரும் நம்பினோம். உங்கள் வயல் கீழ்ப்பக்கம். பூமணியின் வயலும் கீழ்ப்பக்கம், உங்கள் வயலுக்கு அடுத்த வரம்பு. என்னுடையது மேல்பக்கம்.

பெண்கள் கோயிலுக்குப் போகிறமாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நீங்கள் முன்வரிசையில் நடுக்கதிரையில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களிடம் தைலம் மணத்தது. விதானையார் எழும்பி, "பங்குக்கு விருப்பமான காணிக்காரர் கையத் தூக்குங்க" என்றார்.

எல்லாப் பெண்களும் உங்கள் கையைப் பார்த்தார்கள். நானும்தான். உங்கள் வலது கை மடியில் கிடந்தது. அதன் மேல் இடது கை கிடந்தது. பூமணி பாதி தூக்கிவிட்டு, உங்களைப் பார்த்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்கிறமாதிரி இறக்கிக்கொண்டாள். பின்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். விதானையார் உங்களை ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறையும் பார்த்தார். அவருக்கே நம்ப முடியவில்லை. பிறகு "சரி, பங்கு இல்ல" என்று எழுதச் சொன்னார். உங்கள் கை அசையவே இல்லை.

அந்தப் போகம் பூமணியின் வீட்டில் நெல் இல்லை. அவளுடைய மூத்த மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கலியாணம் கட்டுகிற வயதெல்லாம் அங்கேயே கழிந்தது. உங்கள் வயலும் காய்ந்துதான் கிடந்தது. நீங்களும் அந்த வருடம் கடையரிசிதான் சாப்பிட்டீர்கள். இலாபத்துக்காகச் செய்தீர்கள் என்றாவது உங்களைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

நான் கேட்டேன். ஒரு தரமா? அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "கை எழும்பல்ல புள்ள" என்றீர்கள். அவ்வளவுதான். அடுத்த கிழமை கடையில் வைத்துக் கேட்டேன். அன்று வெடித்தீர்கள். "என்ட கையப் பாக்கவா உங்களுக்குக் கை வாங்கித் தந்தநான்? மாப்பிள்ளமாருக்குப் பதிலா இனி நானா?" என்று கத்திவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் வெயிலில் போய்விட்டீர்கள். அதுதான் காரணம் என்று நான் கனகாலம் நம்பினேன். எங்களை எங்கள் சொந்தப் புத்தியில் கை தூக்க வைக்கத்தான் அப்படிச் செய்தீர்கள் என்று பூமணியிடம்கூடச் சொன்னேன். பூமணி அமைதியாகக் கேட்டுவிட்டு, "அத ஒரு நல்ல மழைக் காலத்தில படிப்பிச்சிருக்கலாமே" என்றாள்.

பிறகு விதானையார் ஒரு கதை சொன்னார். உங்கள் தம்பி கட்டியது மேல்பக்கத்து வயல்காரியை. கூட்டத்துக்கு முதல்நாள் அவர் உங்களிடம் வந்து, பங்கு போட்டால் என் கதி என்ன என்று அழுதுவிட்டுப் போனாராம். நான் நேரே வந்து கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். "ஓம், வந்தவன்" என்றீர்கள். "சோறு திண்டுட்டுப் போனவன்." அழுதாரா என்று கேட்டேன். "திரளி மீன் காரம் கூடிப்போச்சு. கண்ணில தண்ணி வந்ததுதான்" என்றீர்கள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது அக்கா? பகிடியா, மழுப்பலா, உண்மையா?

கடைசியாக ஆசுபத்திரியில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, நீங்கள் இருந்த நிலைக்கு. ஆனாலும் கேட்டேன். "அந்தக் கூட்டத்தில ஏன் அக்கா கை தூக்கல்ல?" நீங்கள் என்னை நன்றாகப் பார்த்தீர்கள். "எந்தக் கூட்டம் புள்ள?" என்றீர்கள். பிறகு பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தேத்தண்ணி வரவில்லை, போய்ச் சொல் என்றீர்கள். போய்ச் சொன்னேன். நான் திரும்பி வரும்போது நித்திரையாகிவிட்டீர்கள். உண்மையாகவே மறந்துவிட்டீர்களா, அல்லது எனக்கு அந்தக் கதவைச் சாத்தினீர்களா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் உங்களைப் பார்க்க வராமல் இருந்ததும் அந்த எரிச்சலில்தான். மூன்றாம் நாள் வந்தபோது நீங்கள் கதைக்கிற நிலையில் இல்லை.

இந்த வருடமும் மாரி பொய்த்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் தை மாதமே குளக்கட்டில் போய் நின்று வானத்தைத் திட்டியிருப்பீர்கள். இடையில் வந்த வருடங்களில் தண்ணீர் போதியதாக இருந்தபடியால் பங்குக் கதை எழும்பவே இல்லை. இப்போது எழும்பிவிட்டது. போன கிழமை பூமணி கடைக்கு வந்தாள். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்ததாகச் சொன்னாள். எடுத்தபிறகும் போகவில்லை.

"அக்கா இரிந்தா இப்ப என்ன சொல்லியிருப்பா?" என்றாள்.

"எனக்கெப்பிடித் தெரியும் பூமணி?"

"அவவோட திரிஞ்ச ஆள் நீங்க. மேல்பக்கத்துப் பொம்புளையள் உங்களத்தான் பாப்பாங்க. நீங்க தூக்கினா அவங்களும் தூக்குவாங்க. இல்லாட்டி இல்ல." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்ட சின்னவளும் வெளிநாட்டுக்குப் பேர் குடுக்கப் போறாளாம். அதான் கேக்கிறன்."

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன். என் மகளுக்கு ஆவணியில் கலியாணம். சிறுபோக வெட்டு முடிந்தவுடன் அந்த நெல்லில்தான் எல்லாம் நடக்க வேண்டும். வயலையும் அவள் பெயருக்கு எழுத வேண்டும். பங்கு போட்டால் எங்கள் நெல் பாதிக்கும் குறைவு. கலியாணம் தள்ளிப் போகும். என் மனிசன் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மெல்லச் சொன்னார்: "அந்த மனிசிட வயல் கீழ்ப்பக்கம். அவவே தூக்கல்ல. மேல்பக்கத்துக்காரி உனக்கென்ன வந்தது?"

நீங்கள் எனக்கு விட்டுப்போனது இதுதான் அக்கா. உங்களை வைத்துப் பூமணி கேட்கிறாள் தூக்கு என்று. உங்களை வைத்தே அவர் கேட்கிறார் ஏன் தூக்கவேண்டும் என்று. இரண்டு பேருக்கும் நீங்கள்தான் சாட்சி. இரவுச் சாப்பாட்டுக்கு முதலே நானும் மலசலகூடத்துக்கு ஓடத் தொடங்கிவிட்டேன். கூட்டம் வரைக்கும் அது நிற்கவில்லை. இதைப் போலத்தான் உங்களுக்கும் இருந்ததா? இருந்தால் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே.

நேற்று நான் நேரத்துக்குப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் இயங்கமாட்டேன் என்றது. அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார், மறுபடி கழற்றினார். வேண்டுமென்று செய்தாரா என்று இன்னும் தெரியாது, கேட்கவும் மாட்டேன். நாங்கள் போகும்போது மண்டபம் நிறைந்து, விதானையார் கதைத்து முடிக்கிற கட்டம். முன்வரிசையில் எனக்கென்று பூமணி பிடித்து வைத்திருந்த கதிரை வெறுமையாக இருந்தது. அதற்குப் போக வழியில்லை, நடுவில் எல்லாம் ஆட்கள். வாசலடியில், தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகை. அதில் உட்கார்ந்துவிட்டேன்.

பெண்களின் முதுகுகள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. இரண்டு மூன்று பேர் அந்த வெறுங்கதிரையைப் பார்த்ததைக் கண்டேன். ஒருத்தி வலப்பக்கம் தேடினாள், இன்னொருத்தி இடப்பக்கம். பின்னால் ஒருவரும் திரும்பவில்லை. நான் வரவில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். விதானையார், "பங்குக்கு விருப்பமான காணிக்காரர் கையத் தூக்குங்க" என்றார். அதே வசனம், இப்போது கொஞ்சம் நடுங்கும் குரலில்.

பூமணியின் கை எழும்பியது. கீழ்ப்பக்கத்தார் தூக்கினார்கள், அது எதிர்பார்த்ததுதான். பிறகு மேல்பக்கத்தாரில் ஒரு கை. உங்கள் தம்பியின் மனைவி. நான் பிழையாகப் பார்க்கிறேனோ என்று எழும்பி நின்று பார்த்தேன், அவதான். பிறகு அவவுக்குப் பக்கத்தில் ஒன்று, சுவரோரம் ஒன்று, தங்கைக்காகத் தூக்கியவள், தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லாமலே தூக்கியவள். என் கையும் மேலே இருந்தது. எப்போது தூக்கினேன் என்று எனக்குத் தெரியாது. பூமணிக்கு முதலா, எல்லாருக்கும் பிறகா? உங்களுக்காகவா, உங்களுக்கு எதிராகவா? என் சொந்தப் புத்தியிலா? எத்தனை தரம் யோசித்தாலும் ஒவ்வொரு தரமும் வேறு விடை வருகிறது. என் மனிசன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது மட்டும் தெரியும்.

பங்கு என்று எழுதினார்கள். விதானையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூமணியின் சின்னவள் வெளியே கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. மகளுக்குக் கலியாணம் தைக்குத் தள்ளிப் போகும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை. தர்சிகாவுக்கும் பதில் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு வகை வேண்டும். நாலு மூலையிலும் உங்களை நிறுத்திப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் நீங்கள் நிற்கிறீர்கள் இல்லை.

மண்டபம் வெறுமையான பிறகு பூமணி என்னிடம் வந்தாள். அப்போதுதான் அவள் என்னைக் கண்டாள். ஓடி வந்தவள் கிட்ட வந்ததும் தயங்கினாள்.

"நீங்க வந்தீங்களா? நாங்க காணல்லையே. நீங்க தூக்கினீங்களா?"

"தூக்கினன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்காக இல்லை, என் நெல்லுக்காகவும் இல்லை. உங்கள்மேல் வந்த கோபத்தில் வந்தது. அவர்கள் என்னைப் பார்க்காமலே தூக்கினார்கள் அக்கா. நான் பின்னால் இருந்தபடியால் தூக்கினார்கள். அது என் கெட்டித்தனம் இல்லை, ஒரு பிளக்கின் கோளாறு. ஆனால் நீங்கள் எதையும் யோசிக்காமல் செய்கிறவர் அல்ல. எங்களுக்குப் படிப்பிக்க நினைத்திருந்தால், தம்பிக்காகத்தான் என்றால், பயம்தான் என்றால், எதுவாக இருந்தாலும், அன்று நீங்களும் பின்னுக்கு வந்து உட்கார்ந்திருக்கலாமே. ஏன் முன்வரிசையில் இருந்துகொண்டு கையை மடியில் வைத்திருந்தீர்கள்?